கலெத், க்ரெப், பூஞ்: பலகாரம் கற்றுத்தரும் பிரெஞ்சு

கேள்வி: பிரெஞ்சு மொழியில் தொடக்கநிலைத் தேர்வை முடித்திருக்கிறேன். ஜனவரி முதல் மார்ச் வரை பிரான்ஸின் லியோன் நகரில், மகள் வீட்டில் தங்கவிருக்கிறேன். சமையலில் ஆர்வம் உண்டு என்பதால், அந்நாட்டுப் பலகாரங்கள், பண்டிகைகள் வழியாகப் பேசப் பழகலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தாராளமாகப் பழகலாம். ஆனால், பலகாரப் பெயர்களை மட்டும் திரட்டினால் கடைப் பலகையை வாசிக்க வருமே தவிர, பேச்சு வராது. அந்தப் பலகாரத்தைச் செய்யும்போதும் பங்கிடும்போதும் வாயில் வரும் வாக்கியங்களையே பாடமாகக் கொள்ள வேண்டும். நீங்கள் தங்கும் காலத்தில் அதற்கேற்ற மூன்று பண்டிகைகள் வருகின்றன.

முதலாவது, ஜனவரி 6 அன்று வரும் எபிஃபனி; குழந்தை இயேசுவைக் காண மூன்று மன்னர்கள் வந்ததை நினைவுகூரும் கிறித்தவத் திருநாள். அன்றைய பலகாரம் ‘கலெத் தே ருவா’, அதாவது மன்னர்களின் கலெத். அடுக்கடுக்காகப் பொரியும் மாவுக்குள் பாதாம் பூரணம் வைத்துச் சுட்டது. தெற்கே இதற்குப் பதிலாகப் பழப்பாகு பதித்த வளைய வடிவ ரொட்டியை உண்பார்கள். உள்ளே ‘ஃபெவ்’ ஒன்று ஒளிந்திருக்கும். அச்சொல்லுக்கு அவரை விதை என்று பொருள். இப்போது வைப்பதோ பீங்கான் பொம்மை என்பதால், பல் கவனம். வீட்டின் கடைக்குட்டி மேசைக்கு அடியில் புகுந்துகொள்ள, கலெத்தை வெட்டுபவர் ஒரு துண்டைத் தொட்டு ‘செ பூர் கி?’ (இது யாருக்கு?) என்று கேட்பார்; குழந்தை ‘பூர் முவா’ (எனக்கு), ‘பூர் எல்’ (அவளுக்கு) என்று அடியிலிருந்தே விடை சொல்லும். வகுப்பில் ‘ழ’ (நான்) என்று கற்றது ‘பூர்’ என்ற சொல்லுக்குப் பின் ‘முவா’ ஆகிவிடுகிறது என்பதை எந்த அட்டவணையும் இவ்வளவு எளிதாக மனத்தில் பதிக்காது. ஃபெவ் கிடைத்தவருக்கு அட்டைக் கிரீடம் சூட்டப்படும். குடியரசுத் தலைவர் மாளிகையான எலிசேயில் வெட்டப்படும் கலெத்தில் மட்டும் ஃபெவ் வைப்பதில்லை. குடியரசின் தலைவர் மன்னராகலாமா?

இரண்டாவது, கிறிஸ்துமஸிலிருந்து நாற்பதாம் நாளாகிய பிப்ரவரி 2 அன்று வரும் ‘ஷாந்த்லர்’. மெழுகுவத்தியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. அன்றைய பலகாரம் க்ரெப். என் கணிப்பில், மூன்றிலும் மொழிப்பயன் மிகுந்தது இதுவே. 250 கிராம் கோதுமை மாவு, அரை லிட்டர் பால், 4 முட்டை, சிறிது வெண்ணெய் ஆகியவற்றைக் கரைத்து, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, நம் தோசையைவிட மெல்லியதாக வார்ப்பார்கள். தமிழில் மாவும் பாலும் அஃறிணை, அவ்வளவுதான். பிரெஞ்சிலோ மாவு பெண்பால், பால் ஆண்பால். எனவே அளவு சொல்லாதபோது ‘த லா ஃபரீன்’ (மாவு), ‘துயு லே’ (பால்) என்று சொல்லின் பாலினத்துக்கேற்ற முன்சொல் வேண்டும்; 250 கிராம் என்று அளவு வந்துவிட்டால் அது சுருங்கி, வெறும் ‘த ஃபரீன்’ ஆகிவிடும். நம்மவர் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. சமையல் குறிப்பொன்றை முதலில் அளவோடும், பின்னர் அளவின்றியும் உரக்கப் படித்துப் பழகுங்கள்.

வினைச்சொற்களுக்கும் க்ரெப் நல்ல பயிற்சி. வெண்ணெய் உருகுகிறது, வெண்ணெயை உருக்குகிறோம் என்று தன்வினை, பிறவினையைத் தமிழ் ஒரு சொல்லுக்குள்ளேயே வேறுபடுத்துகிறது. பிரெஞ்சில் பிறவினைக்குப் பெரும்பாலும் ‘ஃபேர்’ என்ற துணை வரும்: ‘ஃபேர் ஃபோந்த்ர்’ என்றால் உருக்குதல், ‘ஃபேர் ஸோத்தே’ என்றால் துள்ளச் செய்தல். ஒரு கையில் காசைப் பிடித்தபடி, மறுகையால் க்ரெப்பைத் துள்ளவிட்டுத் திருப்பிப் பிடித்தால் ஆண்டு முழுவதும் பணத்துக்குக் குறைவிராது என்பது நம்பிக்கை. புறப்படும் முன் வீட்டிலேயே பழக விரும்பினால் தோசைக்கல் உதவாது. கைப்பிடியுள்ள வாணலி வேண்டும்.

மூன்றாவதான ‘மார்தி க்ரா’, ஈஸ்டருக்கு 47 நாள் முன்னர் வரும் செவ்வாய்க்கிழமை. தவக்கால நோன்புக்கு முந்தைய நாள் என்பதால் எண்ணெய்ப் பலகாரம் வழக்கம். லியோனில் அதன் பெயர் ‘பூஞ்’. அதன் உயிரொலி நம்மிடம் இல்லை. நாக்கை ‘ஈ’க்கு வைத்துக்கொண்டு, உதடுகளை மட்டும் ‘ஊ’வுக்குக் குவிக்க வேண்டும். மேலே ‘துயு லே’ என்று எழுதியதும் இதே ஒலிதான். இறுதியில் வரும் ‘ஞ்’ நமக்குப் பழக்கமானதே.

ஓர் எச்சரிக்கை: ‘கலெத்’ என்ற சொல் பிரான்ஸின் வடமேற்கிலுள்ள பிரெத்தாஞ் வட்டாரத்தில் பாப்பரை (பக்வீட்) மாவில் வார்க்கும் உப்புத் தோசையையும் குறிக்கும். ஆகையால் லியோன் அடுமனையில் முழுப்பெயரைச் சொல்லியே கேளுங்கள்: ‘யுன் கலெத் தே ருவா பூர் ஸிஸ், ஸில் வூ ப்ளே’. ஆறு பேருக்கானது கிடைக்கும். கிரீடத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.