லே-ஆஃப்னா வேலை போச்சுன்னு அர்த்தம் இல்லம்மா – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் ஓசூர்ல ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில ஹெச்ஆர் எக்ஸிக்யூட்டிவா இருக்கேன், சேர்ந்து மூணு வருஷம் ஆகுது. தபால்ல லேபர் லா டிப்ளமோ படிக்கிறேன், கூடவே அமெரிக்காகாரங்க நடத்தற ஒரு ஹெச்ஆர் சர்டிபிகேட் பரீட்சைக்கும் பணம் கட்டிட்டேன். ரெண்டுக்கும் சேர்த்து நானூறு கார்டு எழுதி வச்சிருக்கேன், முன்பக்கம் வார்த்தை பின்பக்கம் அர்த்தம். ஆனா மாடல் டெஸ்ட் போட்டா லே-ஆஃப், ரிட்ரென்ச்மென்ட், டிஸ்சார்ஜ், டிஸ்மிஸல் எல்லாம் கலந்து போகுது. ரெண்டு சிலபஸ்லயும் ஒரே வார்த்தைக்கு வேற வேற பதில் வருது. இதுல புது லேபர் கோட் வேற வந்துருச்சு, பழசைப் படிக்கணுமா புதுசைப் படிக்கணுமான்னே தெரியல. மனப்பாடம் பண்ண ஏதாவது வழி சொல்லுங்க சார்.

– ஒரு வாசகி, ஓசூர்

வணக்கம்மா,

உங்க லெட்டரை மூணு தடவை படிச்சேன், ஏன்னா நான் அம்பத்தூர்ல ஒரு ஃபேக்டரி டைம் ஆபீஸ்ல சேர்ந்த புதுசுல எனக்கும் இதே குழப்பம்தான், அப்போ கார்டு கிடையாது, ஒரு நாப்பது பக்கம் நோட்டு. ஞாபக சக்தில உங்களுக்கு ஒரு கொறையும் இல்ல. அந்தக் கார்டுலதான் கொறை இருக்கு. பின்பக்கம் நீங்க எழுதி வச்சிருக்கறது டெஃபனிஷன், ஆனா தொழிலாளர் சட்டத்துல ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னாடி மூணு கேள்வி ஒளிஞ்சிருக்கு: கயிறு அறுந்துச்சா இல்லையா, அதாவது அந்த ஆள் இன்னும் மஸ்டர் ரோல்ல (வேலையாட்கள் பேர்ப் பதிவேடு) இருக்காரா, காரணம் யார் பக்கம், கம்பெனி பக்கமா தொழிலாளி பக்கமா, கைக்கு எவ்ளோ பணம் வருது. இந்த மூணையும் கேட்டுட்டீங்கன்னா நீங்க சொன்ன நாலு வார்த்தையும் தானா பிரிஞ்சு நிக்கும்.

லே-ஆஃப்ல இருந்தே ஆரம்பிக்கலாம், ஏன்னா இன்னைக்கு தமிழ்நாட்டுல ரொம்ப தப்பா புழங்கற வார்த்தை இதுதான். ஐடி கம்பெனில காலைல மெயில் வந்து சாயங்காலம் லேப்டாப்பை வாங்கி வச்சிட்டு அனுப்பறாங்க பாருங்க, அதுக்கு பேப்பர், டிவி, வாட்ஸப் எல்லாத்துலயும் லே-ஆஃப்னுதான் போடறாங்க. நம்ம சட்டப்படி அது லே-ஆஃபே இல்ல. 1947 தொழில் தகராறு சட்டத்துல லே-ஆஃப்னா, ஆள் மஸ்டர்ல இருக்கார், வேலைக்கும் வந்துட்டார், ஆனா கரண்ட் இல்ல, நிலக்கரி இல்ல, பஞ்சு வரல, மெஷின் ஒடைஞ்சிருச்சு, சரக்கு விக்காம குடோன்ல தேங்கிக் கெடக்கு, இந்த மாதிரி ஏதோ ஒண்ணால கம்பெனியால அவருக்கு வேலை குடுக்க முடியல. அவ்ளோதான். கயிறு அறுகல. ஒரு வருஷம் தொடர் சர்வீஸ் இருக்கறவருக்கு அந்த நாளுக்கு பேசிக்கும் டிஏவும் சேர்த்து அதுல பாதி தரணும், பன்னெண்டு மாசத்துல 45 நாள் வரைக்கும் இந்தக் கணக்கு. தினம் ஒரு தடவை கேட்டுக்கு வந்து கையெழுத்து போடணும், வரலைன்னா அந்த நாள் காசு கிடையாது. கோயமுத்தூர் பக்கம் மில்லுல வேலை செஞ்ச எந்தப் பெரியவரைக் கேட்டாலும் இதைச் சரியா சொல்லுவார், "லே-ஆஃப் போட்டான், அரை சம்பளம் வந்துச்சு"ன்னு. சட்டப் பொஸ்தகத்துல இருக்கற அர்த்தம் அவர் வாயில அப்படியே இருக்கு. டிகிரி படிச்ச நாமதான் மாத்திட்டோம்.

ஐடில நடக்கறதுக்கு சட்டத்துல பேரு ரிட்ரென்ச்மென்ட், தமிழ்ல ஆட்குறைப்பு. கயிறு அறுந்துருச்சு, காரணம் தொழிலாளியோட தப்பு இல்ல. ஒரு மாசம் நோட்டீஸ் இல்லன்னா அதுக்கு பதிலா ஒரு மாச சம்பளம், முடிச்ச ஒவ்வொரு வருஷ சர்வீஸுக்கும் 15 நாள் சராசரி சம்பளம், கடைசியா வந்தவர் மொதல்ல போகணும், மறுபடி ஆள் எடுத்தா அனுப்பினவரைத்தான் மொதல்ல கூப்பிடணும். (ஐடி ஆளு இந்தச் சட்டத்துல 'ஒர்க்மேன்', அதாவது சட்டம் பாதுகாக்கற தொழிலாளி, ஆவாரான்னு அடுத்த கேள்வி வரும், அது அவர் செய்யற வேலையோட தன்மையைப் பொறுத்தது, விசிட்டிங் கார்டுல மேனேஜர்னு அச்சடிச்சிட்டா மட்டும் மேனேஜர் ஆயிட மாட்டார்.)

அமெரிக்க சிலபஸ்ல லே-ஆஃப்னா பெரும்பாலும் வேலையே போறதுதான், தற்காலிகமா நிறுத்தி வைக்கறதுக்கு அங்க ஃபர்லோன்னு தனி வார்த்தை. அதனாலதான் உங்களுக்கு ரெண்டு பதில் வருது. கார்டுல வார்த்தைக்குப் பக்கத்துல ஊர் பேரையும் எழுதுங்க. இன்னொரு உதாரணம், 'ரைட் டு ஒர்க்'. நம்மூர்ல அதைக் கேட்டா அரசியலமைப்போட 41-வது ஷரத்து, 2005-ல வந்த நூறு நாள் வேலைச் சட்டம், இதெல்லாம்தான் ஞாபகம் வரும். அமெரிக்கால அதே வார்த்தைக்கு, யூனியன்ல சேரணும் இல்ல சந்தா கட்டணும்னு வேலைக்கு நிபந்தனை போடக்கூடாதுன்னு சில மாநிலங்கள் போட்டு வச்சிருக்கற சட்டம்னு அர்த்தம், அதுக்கு வழி விட்டது 1947 டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம். நம்ம தொழில் தகராறு சட்டமும் அதே 1947-தான், ஒரே வருஷத்துல ரெண்டு நாடும் வேற வேற பக்கம் நடந்திருக்கு. 'அட்-வில்'னு ஒரு கார்டு கண்டிப்பா வச்சிருப்பீங்க, காரணம் சொல்லாமலே எப்ப வேணா அனுப்பலாம்ங்கறது, மொன்டானா ஒண்ணு தவிர அமெரிக்கா பூரா அதுதான் அடிப்படை. நம்மூர் ஒர்க்மேனுக்கு அது பொருந்தாது. ஆனா நம்ம கம்பெனிங்க ஆஃபர் லெட்டர்ல அந்த வாக்கியத்தை அப்படியே காப்பி பண்ணிப் போட்டு வைக்குது, படிச்சுட்டு பையன் பயந்து போய் ராஜினாமா எழுதிக் குடுத்துடறான். ஓவர்டைமும் அப்படித்தான், அங்க வாரம் 40 மணிக்கு மேல ஒன்றரை மடங்கு, இங்க 1948 ஃபேக்டரி சட்டத்துல இருந்தே ரெட்டை சம்பளம்.

இதை இவ்ளோ அழுத்திச் சொல்றதுக்கு காரணம் இருக்கு. தொண்ணூறுகள்ல நான் இருந்த கம்பெனில (பேர் வேணாம்) பதினாலு பேரை அனுப்ப முடிவு பண்ணாங்க. லெட்டரை டைப் அடிச்சது நான். ஒரு மாச நோட்டீஸ் சம்பளத்துக்கு செக் வச்சாச்சு, 'நஷ்டஈடு ஃபைனல் செட்டில்மென்டோடு வழங்கப்படும்'னு ஒரு வரி, மேலிடம் சொன்னதை அப்படியே அடிச்சேன். அந்த நஷ்டஈடு ஆளை அனுப்பும்போதே கையில குடுத்தாகணும், பின்னாடி தர்றேன்னா அந்த ஆட்குறைப்பே செல்லாது, 1960-லயே சுப்ரீம் கோர்ட் இதைச் சொல்லிருச்சு. எனக்குத் தெரியல. தெரிஞ்சுக்கணும்னு தோணவும் இல்ல. லேபர் கோர்ட், ஹைகோர்ட்னு ஏழு வருஷம் ஓடி மறுபடி வேலைல சேக்கச் சொல்லி உத்தரவாச்சு. அதுல ஒருத்தர், மில்லிங் மெஷின் ஆபரேட்டர், அந்த ஏழு வருஷமும் கொரட்டூர்ல ஒரு அபார்ட்மென்ட்ல வாட்ச்மேனா இருந்திருக்கார். திரும்ப வந்த அன்னைக்கு நேரா டைம் ஆபீஸ் வந்து நின்னு "என் பஞ்ச் கார்டு எங்க தம்பி"ன்னு கேட்டார், அதுக்குள்ள பஞ்ச் கார்டு போய் ஸ்வைப் வந்துருச்சு. அவர் முகத்தைப் பார்த்து என்னால பதில் சொல்ல முடியல. ஆட்குறைப்பு நஷ்டஈட்டைச் சொல்ற 25-எஃப்ங்கற செக்‌ஷனை அப்புறம் நான் மறந்ததே இல்ல.

டிஸ்சார்ஜ், டிஸ்மிஸல் ரெண்டையும் சீக்கிரம் முடிச்சிடலாம். டிஸ்மிஸல்னா தண்டனை: சார்ஜ் ஷீட், விளக்கம், உள்விசாரணை, விசாரணை அதிகாரி ரிப்போர்ட், எல்லாம் தாண்டித்தான் வரணும். டிஸ்சார்ஜ்னா தண்டனையா இல்லாம வேலைல இருந்து விடுவிக்கறது, அதுல அந்தக் களங்கம் இல்ல, ஆனா தண்டனையை மறைக்க டிஸ்சார்ஜ்னு எழுதினா கோர்ட் திரையை வெலக்கிப் பாக்கும். 1971-ல தொழில் தகராறு சட்டத்துல சேர்த்த 11-ஏ பிரிவு இருக்கறதால, தப்பு நிரூபணமானாலும் தண்டனை அதிகம்னு லேபர் கோர்ட் குறைக்கலாம். டிஸ்மிஸ் ஆனவருக்கு கிராஜுவிட்டியே கிடையாதுன்னு உங்க கேன்டீன்ல கேட்டா பாதிப் பேர் சொல்லுவாங்க, அது தப்பு, சேதம் பண்ணியிருந்தா அந்த அளவுக்கு, வன்முறை இல்ல ஒழுக்கக்கேடான குற்றம்னாதான் முழுசா கூட பிடிக்க முடியும்.

சஸ்பென்ஷன்லயும் ரெண்டு இருக்கு, விசாரணை முடியற வரைக்கும் வெளிய வைக்கறது ஒண்ணு, தண்டனையாவே குடுக்கறது இன்னொண்ணு. மொதல் வகையில பிழைப்பூதியம் உண்டு, இதுக்கு நம்ம மாநிலத்துலயே 1981-ல தனிச் சட்டம் இருக்கு: மொத 90 நாள் பாதி சம்பளம், அடுத்த 90 நாள் முக்கால், 180 நாள் தாண்டினா முழுச் சம்பளம். விசாரணையை இழுத்தடிச்சா செலவு கம்பெனிக்குத்தான்னு அந்தக் கணக்குலயே தெரியுது பாருங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச சட்டம் இது.

'இம்யூனிட்டி' (வழக்குல இருந்து சட்டப் பாதுகாப்பு)ன்னு ஒரு கார்டு இருக்கான்னு பாருங்க, இருந்தா அதுக்குப் பின்னாடி பெரம்பூர்னு எழுதுங்க. பக்கிங்ஹாம் கர்நாடிக் மில், நம்ம ஜனங்க சொல்ற பின்னி மில். 1918 ஏப்ரல்ல அங்க மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பிச்சாங்க, பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. கூட நின்னார். 1920-ல தகராறு முத்தி, தொழிலாளிங்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டறாங்கன்னு வாடியா மேலயும் சங்கத்துக்காரங்க மேலயும் மில் நிர்வாகம் மெட்ராஸ் ஹைகோர்ட்ல வழக்கு போட்டுச்சு, கோர்ட்டும் தடை உத்தரவு குடுத்துருச்சு. கடைசில வாடியா சங்கத்தை விட்டு வெலகணும்ங்கற நிபந்தனையோடதான் சமாதானமே ஆச்சு. அதாவது, "வேலைக்குப் போகாதே"ன்னு ஒருத்தர் சொன்னா அதுக்காகவே அவர் மேல நஷ்டஈடு கேஸ் போடலாம்ங்கற நெலமை. அதைப் பாத்துட்டுத்தான் 1921-ல தொழிலாளர் தலைவர் என்.எம். ஜோஷி சட்டசபைல தீர்மானம் கொண்டு வந்தார், அதுல இருந்து வந்ததுதான் 1926 தொழிற்சங்கச் சட்டம், பதிவு பண்ண சங்கத்து மேல இந்த மாதிரி சிவில் வழக்கு செல்லாதுங்கற 18-வது செக்‌ஷன். 'பதிவு பெற்ற தொழிற்சங்கத்துக்கு உரிமையியல் வழக்கிலிருந்து காப்பு'ன்னு வெறும் வரியா படிச்சா ரெண்டு நாள்ல மறந்துரும், வாடியாவை வெச்சுப் படிச்சா மறக்காது.

செட்டில்மென்ட், அதாவது நிர்வாகமும் சங்கமும் போடற ஒப்பந்தம், பத்தி நீங்க கேக்கல, ஆனா பரீட்சைல கண்டிப்பா வரும். நம்ம ஃபேக்டரிங்கள்ல "12(3) போட்டாச்சா"ன்னு சாதாரணமா பேசிப்பாங்க. லேபர் ஆபீசர் முன்னாடி சமரசப் பேச்சு நடக்கும்போது கையெழுத்தாகறது 1947 சட்டத்தோட 12(3), அது அந்த கம்பெனில எல்லாரையும் கட்டுப்படுத்தும், கையெழுத்து போடாத சங்கத்தையும், நாளைக்கு வேலைக்கு சேரப்போறவரையும் கூட. நேருக்கு நேர் உக்காந்து தனியா போட்டுக்கறது 18(1), கையெழுத்து போட்ட ரெண்டு தரப்பை மட்டும்தான் கட்டும். நிர்வாகம் ஏன் 12(3) தான் வேணும்னு நிக்குது, சின்னச் சங்கம் ஏன் அதுக்கு பயப்படுதுன்னு யோசிச்சுப் பாருங்க, வித்தியாசம் அப்புறம் மறக்காது.

பழசா புதுசான்னு கேட்டீங்க. நாலு லேபர் கோடும் 2025 நவம்பர் 21-ல நடைமுறைக்கு வந்தாச்சு, 1926 தொழிற்சங்கச் சட்டம், 1946 நிலையாணைச் சட்டம், 1947 தொழில் தகராறு சட்டம் மூணும் தொழில் உறவுக் கோட் ஒண்ணுக்குள்ள போயிருச்சு. லே-ஆஃப், ஆட்குறைப்புக்கு அர்த்தம் பெருசா மாறல, எண்ணிக்கைதான் மாறியிருக்கு: ஆளை அனுப்ப முன்கூட்டியே அரசு அனுமதி வாங்க வேண்டிய வரம்பு ஃபேக்டரிக்கு 100 பேர்ல இருந்து 300 ஆச்சு, நிலையாணைக்கும் (கம்பெனியோட எழுதி வச்ச வேலை விதிகள்) 300, சூப்பர்வைசர் தொழிலாளி கணக்குல வர்றதுக்கான சம்பள வரம்பு பத்தாயிரத்துல இருந்து பதினெட்டாயிரம். ஸ்ட்ரைக்குக்கு எந்தத் தொழிலா இருந்தாலும் 14 நாள் நோட்டீஸ், பாதிப் பேரோ அதுக்கு மேலயோ ஒரே நாள்ல கூட்டமா கேஷுவல் லீவ் போட்டா அதுவும் ஸ்ட்ரைக்தான். நூத்தம்பது, எரநூறு பேர் வேலை செய்யற ஃபேக்டரிங்க நம்ம ஓசூர், அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எவ்ளோ இருக்குன்னு உங்களுக்கே தெரியும், அங்கல்லாம் அந்த அனுமதிங்கற தடுப்பு இப்ப இல்ல, எனக்கு அதுல ரொம்ப வருத்தம் உண்டு, அதை மறைக்க விரும்பல. ஃபிக்ஸட் டேர்ம், அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டு எடுத்த, ஆளுக்கு ஒரு வருஷத்துலயே கிராஜுவிட்டிங்கறது மட்டும் நல்ல மாற்றம், ஆனா அவரோட ஒப்பந்தம் முடிஞ்சு வெளிய போறது ஆட்குறைப்புக் கணக்குல வராது, ரெண்டையும் ஒரே கார்டுல எழுதிக்குங்க.

பரீட்சைக்கு உங்க சிலபஸ்ல எது அச்சடிச்சிருக்கோ அந்த நம்பரைப் படிங்க, ஆனா தீர்ப்பெல்லாம் பழைய சட்டத்து மேலதான் இருக்கு, அதனால பழைய பேரை விட்டுடாதீங்க.

அப்புறம் ஒண்ணு செய்ங்க. அந்த நானூறு கார்டை ஒரு வாரம் ஓரமா வச்சிட்டு, உங்க கம்பெனில கடைசியா போட்ட சம்பள ஒப்பந்தம் ஒரு காப்பி கேட்டு வாங்குங்க, டைம் ஆபீஸ்ல இருக்கும், இல்லன்னா சங்கத்துச் செயலாளர்கிட்ட நிச்சயம் இருக்கும், அவர்கிட்டயே போய்க் கேளுங்க, தப்பா நெனைக்க மாட்டார். மொத பக்கத்துல எந்த செக்‌ஷன்ல போட்டதுன்னு பாருங்க, கடைசிப் பக்கத்துல யார் யார் கையெழுத்துன்னு பாருங்க, நடுவுல எந்த வார்த்தை புரியலையோ அதை எனக்கு எழுதி அனுப்புங்க.