பொசிஷன் ஒழிந்துவிட்டதா? – கடிதம்

வணக்கம் சார்,

கூடைப்பந்து பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிப்பவன். ஒரு விஷயத்தில் உங்களோடு சண்டை போட வேண்டும். ‘இந்த அணிக்கு நல்ல சென்டர் இல்லை’, ‘அந்த அணிக்கு பாயின்ட் கார்டு போதாது’ என்று இன்னமும் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். வளையத்தடியில் நிற்கும் உயரமான சென்டர், ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டு என்று ஆளுக்கு ஒரு இடமாகப் பிரிக்கிற ஐந்து பொசிஷன் என்பதே பழங்கதை. பாஸ்டன் கோச்சாக இருந்த பிராட் ஸ்டீவன்ஸ், பந்தைக் கொண்டுபோகிறவர், விங் (ஓரத்தில் ஆடுகிறவர்), பிக் (உயரக்காரர்) என்று மூன்றே வகைதான் என 2017லேயே சொல்லிவிட்டார். ஆண்டின் சிறந்த அணிகளைத் தேர்ந்தெடுக்கும்போது என்பிஏவும் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) 2023-24 முதல் பொசிஷன் பார்ப்பதில்லை. 1984 டிராஃப்டில் (அணிகள் வரிசைப்படி புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) சென்டர்தான் வேண்டும் என்று சாம் பூயியை எடுத்து மைக்கேல் ஜோர்டனை விட்டது போர்ட்லாண்ட். பொசிஷன் பார்த்து ஆள் எடுக்கிறவர்களுக்கு அந்த ஒரு பாடம் போதாதா? திறமைசாலிகளைச் சேர்த்துவிட்டால் மற்றது கோச் பாடு.

ஆனால் எனக்கே இரண்டு விஷயம் இடிக்கிறது. ஏழடி நாலங்குல ஜாக் ஈடி, கல்லூரி ஆட்டத்தில் தொடர்ந்து இரண்டு வருடம் நாட்டின் சிறந்த வீரர். டிராஃப்டில் கிடைத்தது ஒன்பதாவது இடம். உயரக்காரர்களின் காலம் போய்விட்டது என்றுதானே அர்த்தம்? அப்படியென்றால் ஏழடி செட் ஹோம்கிரனை வைத்துக்கொண்டே ஓக்லஹோமா சிட்டி, இன்னொரு ஏழடிக்காரரான ஐசையா ஹார்ட்டன்ஸ்டைனுக்கு மூன்று வருடத்துக்கு 87 மில்லியன் டாலர் ஏன் கொடுத்தது?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

பாதி தூரம் உங்களோடு வருகிறேன். பந்து கையில் இருக்கும்போது பொசிஷன் கிட்டத்தட்ட கரைந்துவிட்டது. டென்வரின் ஆட்டம் முழுக்க நிகோலா யோகிச்சின் கை வழியாகத்தான் ஓடுகிறது. பெயருக்கு அவர் சென்டர். இது அப்படியொன்றும் புதிதும் இல்லை. 1980 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்துக்கு, கணுக்கால் காயத்தால் லேக்கர்ஸ் சென்டர் கரீம் அப்துல் ஜப்பார் வரவில்லை. இருபது வயது மேஜிக் ஜான்சன் சென்டர் இடத்தில் நின்று ஆட்டத்தைத் தொடங்கி, 42 புள்ளியும் 15 ரீபவுண்டும் (தவறிய வீச்சில் துள்ளிவரும் பந்தைப் பிடிப்பது) எடுத்து லேக்கர்ஸுக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அவர் அசல் பாயின்ட் கார்டு.

பந்து எதிரணிக்குப் போனதும் கதை மாறிவிடுகிறது. ஒரு ஆட்டக்காரரைப் பற்றி நான் இரண்டு கேள்விதான் கேட்பேன். இவரால் யாரை மறிக்க முடியும்? இவரை மறிக்காமல் விட்டால் எதிரணிக்கு நஷ்டம் உண்டா? இந்த இரண்டுக்கும் சேர்த்து வருகிற பதிலைத்தான் நான் சோம்பேறித்தனமாக சென்டர், கார்டு என்று எழுதித் தொலைக்கிறேன்.

நீங்கள் சொன்ன ஓக்லஹோமாவையே பார்ப்போம். 2024 பிளேஆஃபின் இரண்டாவது சுற்றில் டல்லாஸிடம் 4-2 என்று தோற்றார்கள். அந்த அணியில் ஜோஷ் கிடி இருந்தார். ஆறடி எட்டங்குலம், பிரமாதமாக பாஸ் கொடுப்பவர், 2021 டிராஃப்டில் ஆறாவதாகப் போனவர். டல்லாஸ் அவரை மறிக்கவே இல்லை. மூன்று புள்ளிக் கோட்டருகே கிடி தனியாக நிற்பார், ‘எறி பார்க்கலாம்’ என்பதுபோல விட்டுவிடுவார்கள். அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள் வளையத்துக்கு அடியில் போய், ஓக்லஹோமாவின் முக்கிய ஆட்டக்காரர் ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் உள்ளே நுழையும் வழியை அடைத்துக்கொண்டு நிற்பார். ஐந்து பேர் ஆடும் ஆட்டத்தில் ஓக்லஹோமா நாலு பேரோடு ஆடியது. தொடர் முடிவதற்குள் கிடி பெஞ்சுக்குப் போய்விட்டார்.

அந்த ஜூனிலேயே கிடியை சிகாகோவுக்குக் கொடுத்து அலெக்ஸ் கரூஸோவை வாங்கினார்கள். ஆளுக்கு ஆள், மேற்கொண்டு எதுவும் இல்லை. கிடிக்கு வயது 21, கரூஸோவுக்கு 30. கரூஸோ டிராஃப்டில் யாராலும் எடுக்கப்படாதவர். ‘திறமைசாலிகளைச் சேர்’ என்ற உங்கள் கணக்குப்படி இது நஷ்ட வியாபாரம்.

அடுத்த வருடம் இரண்டாவது சுற்று, டென்வரோடு ஏழாவது ஆட்டம். யோகிச்சை மறிக்கும் வேலை ஆறடி ஐந்தங்குல கரூஸோவிடம் வந்தது. அந்த ஆட்டத்தின் வீடியோ கிடைத்தால் பந்தை விட்டுவிட்டு இந்த இருவரை மட்டும் பாருங்கள். கரூஸோ யோகிச்சுக்குப் பின்னால் நிற்கவில்லை. முன்னால் வந்து, முதுகால் அவரைத் தள்ளிக்கொண்டே பந்து வரும் வழியில் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார். பாஸ் கொடுக்கிறவர் பந்தைத் தலைக்கு மேல் தூக்கித்தான் போட வேண்டும். அப்படிப் போட்டால் பின்னால் ஒரு ஏழடிக்காரர் காத்திருக்கிறார். யோகிச் 20 புள்ளியோடு நின்றார், ஓக்லஹோமா 125-93 என்று ஜெயித்தது.

ஹார்ட்டன்ஸ்டைனுக்கு ஏன் அவ்வளவு பணம் என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. பின்னால் உயரம் இருந்தால்தான் முன்னால் கரூஸோவை நிறுத்த முடியும். ஹோம்கிரன் ஒல்லியானவர். ரீபவுண்டுக்கு முட்டி மோதுவது, ஸ்க்ரீன் போட்டு (தன் அணிக்காரருக்கு வழி கிடைக்க எதிராளியை உடம்பால் மறித்து நிற்பது) அடிவாங்குவது எல்லாம் அவர் ஒருவர் தலையில் விழுந்தால் சீசன் முடிவதற்குள் ஆள் ஓய்ந்துவிடுவார். அதே சமயம், இந்தியானாவோடு இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் ஹார்ட்டன்ஸ்டைனை ஆரம்ப ஐவரிலிருந்து எடுத்துவிட்டு, கேசன் வாலஸ் என்ற கார்டை இறக்கினார் கோச். (அந்த ஆட்டத்தில் 0.3 வினாடி மீதமிருக்கையில் இந்தியானாவின் டைரீஸ் ஹாலிபர்ட்டன் போட்ட பந்தில் ஒரு புள்ளியில் தோற்றார்கள் என்பது வேறு கதை. தொடரை 4-3 என்று ஜெயித்தார்கள்.) உயரமாகவும் ஆடலாம், குட்டையாகவும் ஆடலாம். அந்த வசதிக்குத்தான் 87 மில்லியன்.

குட்டை என்றதும் நீங்கள் கோல்டன் ஸ்டேட்டைத்தான் சொல்வீர்கள். 2015 இறுதித் தொடரில் 2-1 என்று பின்தங்கியிருந்தபோது கோச் ஸ்டீவ் கெர் ஏழடி ஆண்ட்ரூ போகட்டை உட்காரவைத்து இகுவோடாலாவை இறக்கினார், ஆறடி ஆறங்குல டிரேமண்ட் கிரீன் சென்டர் ஆனார். அப்புறம் அவர்கள் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அதைப் பார்த்து எத்தனையோ அணிகள் உயரத்தைக் குறைத்தன. 2020 பிப்ரவரியில் ஹூஸ்டன் தன் சென்டர் கபேலாவையே விற்றுவிட்டு, ஆறடி ஐந்தங்குல டக்கரை அந்த இடத்தில் நிறுத்தியது. லேக்கர்ஸிடம் 4-1 என்று உதை வாங்கியது. கிரீனின் உயரத்தைக் காப்பியடிக்கலாம். கோல்டன் ஸ்டேட்டின் நட்சத்திரம் ஸ்டீஃபன் கரியை இரண்டு பேர் சூழ்ந்தவுடன் நடுவில் பந்தை வாங்கி, எதிரே மூன்றே பேர் இருக்கிறார்கள் என்று கண நேரத்தில் கணக்குப் போட்டு, மூலையில் நிற்பவருக்கா வளையத்தடிக்கா என்று முடிவெடுக்கிற கிரீனை எங்கே போய் வாங்குவது?

1984க்கு வருகிறேன். போர்ட்லாண்ட் சென்டரைத் தேடியது தப்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதே டிராஃப்டில் முதல் இடத்தில் ஹூஸ்டனும் சென்டரைத்தான் எடுத்தது, ஹகீம் ஒலஜுவானை. அதை யாரும் திட்டுவதில்லையே. பூயி கால் எலும்பு முறிவால் கென்டக்கி கல்லூரியில் இரண்டு முழு சீசன் ஆடாதவர். போர்ட்லாண்ட் கோட்டை விட்டது அங்கே. ஆனாலும் டிராஃப்டில் தேவை பார்த்து எடுப்பது பெரும்பாலும் வீண் என்பதில் எனக்கும் சம்மதம். பத்தொன்பது வயதுப் பையன் தேறி வர மூன்று வருடம் ஆகும், அதற்குள் அணியே மாறிவிடும். தேவை பார்க்க வேண்டியது கிடி-கரூஸோ மாதிரி மாற்று வியாபாரத்தில்.

கல்லூரியில் இது அப்படியே தலைகீழ். அங்கே அடுத்த மூன்று வருடம் என்ற பேச்சே இல்லை. நல்ல பையன்கள் ஒரு வருடத்தில் என்பிஏவுக்குப் போகிறார்கள், மற்றவர்கள் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுத்து வேறு கல்லூரிக்குப் போகிறார்கள். 2025-26 முதல் ஒரு கல்லூரி வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம்; அந்த வருட உச்சவரம்பு, எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து சுமார் 20.5 மில்லியன் டாலர். ஒவ்வொரு வசந்த காலத்திலும் கோச் கிட்டத்தட்ட வெறும் பலகையிலிருந்து தொடங்குகிறார். அவர் இந்த வருட ஓட்டையை இந்த வருடமே அடைத்தாக வேண்டும்.

ஈடி கதையும் அதுதான். கல்லூரி விதிப்படி தடுப்பாளர் வளையத்தடியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். என்பிஏவில் யாரையும் நெருங்கி மறிக்காமல் அங்கே மூன்று வினாடிக்கு மேல் நின்றால் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. மூன்று புள்ளிக் கோடும் தள்ளிப்போகிறது. கல்லூரியில் 22 அடி சொச்சம், என்பிஏவில் உச்சியில் 23 அடி 9 அங்குலம். அவ்வளவு பெரிய உடம்பை அங்கே வரை இழுத்துவிட்டால் என்ன ஆகும் என்ற சந்தேகத்துக்குக் கிடைத்த விலைதான் ஒன்பதாவது இடம். உயரக்காரர்களின் காலம் போனதாக அர்த்தமில்லை. அதே டிராஃப்டில் அவருக்கு முன்னால், ஏழாவதாக, கனெக்டிகட் கல்லூரியின் டோனவன் கிளிங்கன் போனார். அவர் ஏழடி இரண்டங்குலம். ஈடியும் மெம்ஃபிஸில் முதல் வருடமே சிறந்த புதுமுகங்களின் முதல் ஐவரில் வந்துவிட்டார்.

கல்லூரியிலும் ஈடியை வைத்து அவருடைய கல்லூரியான பர்டியூ கோப்பை வாங்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? 2023ல் முதல் சுற்றிலேயே ஃபேர்லி டிக்கின்சன், கல்லூரி ஆட்டத்தின் மேல்மட்டமான டிவிஷன் ஒன்றிலேயே குள்ளமான அணி, ஈடியை முன்னும் பின்னும் மொய்த்துக்கொண்டு மற்ற நாலு பேரை எறிய விட்டது. பர்டியூ எறிந்த 26 மூன்று புள்ளி வீச்சில் விழுந்தது 5. அடுத்த வருட இறுதி ஆட்டத்தில் கனெக்டிகட் நேர்மாறாகச் செய்தது. ஈடியைப் பெரும்பாலும் தனி ஆளிடம் விட்டுவிட்டு மற்றவர்களைக் கோட்டிலிருந்து விரட்டியது. ஈடிக்கு 37 புள்ளி, பர்டியூ எறிந்த மூன்று புள்ளி வீச்சே மொத்தம் ஏழு, அதில் விழுந்தது ஒன்று. தோல்வி 75-60.

திறமைசாலிகளைச் சேர்த்தால் மற்றது கோச் பாடு என்கிறீர்கள். அதைச் செய்து பார்த்தவர் 2015ல் கென்டக்கி கல்லூரியின் கோச் ஜான் கலிபாரி. அந்த வருட டிராஃப்டில் மட்டும் அவர் பையன்கள் ஆறு பேர் போனார்கள். பின்னாளில் என்பிஏ நட்சத்திரமான டெவின் புக்கர் அந்த அணியில் பெஞ்சிலிருந்து வந்தவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 38-0 என்று வந்தவர்கள் அரையிறுதியில் விஸ்கான்சினிடம் 71-64 என்று தோற்றார்கள். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் தொடர்ந்து மூன்று முறை, அன்றைய விதிப்படி 35 வினாடிக்குள் எறிய வேண்டிய பந்தை எறியாமலே இழந்தார்கள். விஸ்கான்சின் நன்றாக மறித்தது உண்மைதான். ஆனால் அந்த மூன்று முறையும் பந்து யார் கையில் போய் முடிய வேண்டும் என்று கென்டக்கியில் யாருக்காவது தெரிந்திருந்ததா என்பது எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

அன்புடன்.