ரிப்போர்ட்டில் 'பார்ஷியலி எம்ப்டி செல்லா' என்று இருக்கிறது, பயப்பட வேண்டுமா?

தலைவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தீர்கள், கடைசி வரியில் இப்படி எழுதியிருக்கிறது, மூளையில் ஏதாவது காலியாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. நான் ரேடியாலஜிஸ்ட். இதே வரியை எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன்.

மூக்குக்குப் பின்னால், மண்டையோட்டின் அடியில், குதிரைச் சேணம் போல ஒரு சின்ன எலும்புக் குழி இருக்கிறது. அதுதான் செல்லா. உடலின் பல ஹார்மோன்களை இயக்கும், அரை கிராம் எடையுள்ள பிட்யூட்டரி சுரப்பி அதற்குள் உட்கார்ந்திருக்கும். குழிக்கு மேலே ஒரு சவ்வு, சவ்வின் நடுவில் சுரப்பியின் காம்பு இறங்க ஒரு துளை. சிலருக்கு அந்தத் துளை பிறவியிலேயே அகலம். மூளையைச் சுற்றியுள்ள நீர் அதன் வழியே இறங்கி, சுரப்பியைத் தரையோடு தட்டையாக்கிவிடும். படத்தில் குழி பாதி காலியாகத் தெரியும், அதைத்தான் 'பார்ஷியலி எம்ப்டி' என்கிறோம். சுரப்பி எங்கும் போகவில்லை. தட்டையாக இருந்தாலும் பெரும்பாலும் ஒழுங்காகவே வேலை செய்யும்.

ஆனால் உங்கள் தலைவலியை அப்படியே விடக்கூடாது. தலைக்குள் நீரழுத்தம் கூடினாலும் இதே தோற்றம் வரும். பார்வை மங்குகிறதா, குனிந்தால் நொடி நேரம் கண் இருட்டுகிறதா, காதுக்குள் நாடி அடிக்கும் சத்தம் கேட்கிறதா? ஒன்று இருந்தாலும் உடனே கண் மருத்துவரிடம் போய்ப் பார்வை நரம்பைச் சோதிக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஹார்மோன் பரிசோதனை: புரோலாக்டின், காலை நேரக் கார்டிசால், தைராய்டு. தைராய்டுக்கு, அதை வேலை வாங்கப் பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச். மட்டும் போதாது, தைராய்டே சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4-ம் வேண்டும். பிட்யூட்டரியே பழுதானால் டி.எஸ்.ஹெச். நார்மல் என்று காட்டி ஏமாற்றிவிடும்.

இந்த இடத்தில் ஆளுக்கு ஆள் அமைப்பு மாறும். ஒரு முறை 15 வயதுப் பெண்ணின் படம் 'கட்டியா?' என்ற கேள்வியோடு வந்தது. சுரப்பி 10 மில்லிமீட்டர் உயரம், மேல்விளிம்பு மேடாக. நடுத்தர வயதில் 9-ஐத் தாண்டினாலே யோசிப்போம். பருவ வயதில் அப்படிப் பூரிப்பது இயல்புதான், கர்ப்பிணிகளுக்கும் அப்படியே. கான்ட்ராஸ்ட் ஊசி போட்டதும் சுரப்பி முழுவதும் ஒரே சீராகப் பளிச்சிட்டது. 'வயதுக்குரிய இயல்பு' என்று எழுதி அனுப்பினேன்.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனிகள் செல்லாவின் இருபக்கமும் ஓடுகின்றன. சிலருக்கு அவை இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று நெருங்கிக் கிடக்கும். அவர்களுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் மூக்கு வழியாகப் பிட்யூட்டரிக் கட்டியை எடுக்கப்போகும் சர்ஜனுக்கு அது உயிர் விஷயம். அறுவைக்கு முந்தைய ஸ்கேன் என்றால், அந்த இடைவெளியை அளந்து எழுதாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

இந்தத் தலைவலி தொடங்கும் முன் எடுத்த பழைய தலை ஸ்கேன் ஏதாவது இருந்தால் ஃபிலிமோடு சிடியையும் டாக்டரிடம் கொண்டுபோங்கள். அதிலும் குழி இப்படியே இருந்தால், இந்தத் தலைவலிக்குக் காரணத்தை வேறு இடத்திலும் தேடலாம்.