கென்ட்டில் பழைய பண்ணை வீடு வாடகைக்கு எடுக்கலாமா?

தம்பி, இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஐந்நூறு வருஷப் பண்ணை வீடு ஒன்று வாடகைக்கு வருகிறது, சுவர் சாய்ந்திருக்கிறது, உத்தரம் தலையில் இடிக்கிறது, குழந்தைகளோடு போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் அந்த வீடு எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்துகொண்டு போங்கள். நான் இந்தப் பக்கம் இப்படியொரு வீட்டில்தான் குடியிருக்கிறேன்.

அந்தக் காலத்தில் இங்கே வசதியான விவசாயிகள் கட்டியது பெரும்பாலும் ஒரே மாதிரி. நடுவில் தரையிலிருந்து கூரை வரை திறந்த கூடம். இரண்டு ஓரத்திலும் மாடியோடு அறைகள். கூடத்துத் தரையிலேயே தீ மூட்டுவார்கள். புகைபோக்கி கிடையாது, புகை மேலே ஏறிக் கூரை இடுக்குகள் வழியாகப் போகும். ஜன்னலுக்குக் கண்ணாடியும் கிடையாது, மரச்சட்டங்களும் அடைக்கப் பலகையும்தான். 16ஆம் நூற்றாண்டில் செங்கல் புகைபோக்கி பரவிய பிறகு, திறந்த கூடத்துக்கு நடுவே தளம் போட்டு மாடியாக்கினார்கள். உங்கள் தலையில் இடிப்பது அநேகமாக அந்தத் தளத்து உத்தரம்தான். பரணில் ஏற விட்டால் டார்ச் அடித்துக் கைமரங்களைப் பாருங்கள். கரி படிந்து கன்னங்கரேலென்று இருந்தால், புகைபோக்கி வருவதற்கு முந்தைய வீடு அது.

மாற்றம் செய்யாத பழைய உருவத்தைப் பார்க்க வேண்டுமானால் மேற்கு சசெக்ஸில் சிங்கிள்டன் ஊரிலுள்ள வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். கென்ட்டில் சிடிங்ஸ்டனில் இருந்த பேலீஃப் என்ற பண்ணை வீடு, பவ் பீச் நீர்த்தேக்கத்துக்காக அகற்ற வேண்டி வந்தபோது, கட்டை கட்டையாகப் பிரித்துக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினார்கள். கூடம் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது. ஓர் ஓரத்து அறைகள் 1509 வாக்கில் சேர்த்தவை. பிரித்து மறுபடி பூட்ட முடிந்ததற்குக் காரணம், அந்த வீடுகளே அப்படிச் செய்தவை. தச்சர் பட்டறையில் சட்டங்களை வெட்டிப் பொருத்திப் பார்த்து, மூட்டுக்கு மூட்டு ரோமன் எண்ணைக் கீறி, பிறகு மனையில் கொண்டுவந்து மர ஆணி அடித்து நிறுத்துவார். உங்கள் வீட்டு மூட்டுகளிலும் அந்தக் கீறல்களைத் தேடிப் பாருங்கள், அவ்வளவு அழகு!

சாய்வுக்குப் பயப்படாதீர்கள். ஓக் மரத்தை ஈரமாகவே இழைத்துக் கட்டினார்கள். நின்ற இடத்திலேயே காய்ந்து முறுக்கிக்கொண்டது. பழைய சாய்வு ஒன்றும் செய்யாது. புதிதாக விரிந்த வெடிப்பு இருந்தால் கேளுங்கள். சுவருக்கு அடியில் படுத்திருக்கும் கட்டையை நகத்தால் அழுத்திப் பாருங்கள்; நகம் இறங்கினால் அந்த வீடு வேண்டாம்.

நகம் இறங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் சிமென்ட். சுவர் என்பது சட்டங்களுக்கு நடுவே குச்சிகளைப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு பூசியது. ஈரம் ஏறும், காற்றுபட்டு ஆறும். பிற்காலத்தில் சிமென்ட் பூசிய சுவரில் வெடிப்பு வழியாக மழை உள்ளே போகிறது, வெளியே வர வழியில்லை. மரம் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகிறது. அதனால் வெளிப்பூச்சு எதுவென்று முதலில் கேளுங்கள். குளிர்காலத்தில் ஜன்னலை இறுக மூடிவைத்துக்கொண்டு சோறு வடிக்காதீர்கள். ஹீட்டரைக் குறைவாக, விட்டுவிடாமல் ஓட விடுங்கள்.

1700க்கு முந்தைய வீடுகள், பழைய உருவம் நிற்பவை, அநேகமாக எல்லாமே பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும். அந்தப் பட்டியலை வைத்திருக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அமைப்பின் இணையதளத்தில் முகவரியைப் போட்டுத் தேடலாம். பட்டியலில் இருந்தால் அனுமதியில்லாமல் மாற்றுவது கிரிமினல் குற்றம், அது வாடகைக்காரருக்கும் பொருந்தும். சாமி அலமாரிக்காக உத்தரத்தில் துளை போடாதீர்கள்.

கையெழுத்துக்கு முன் வீட்டுக்காரரிடம் இதையெல்லாம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: ஹீட்டருக்கு எண்ணெயா (பல கிராமங்களில் எரிவாயுக் குழாய் இல்லை), போன குளிர்காலத்தில் எவ்வளவு ஆனது, கழிவுத் தொட்டியை யார் காலி செய்ய வேண்டும், புகைபோக்கியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள்.