பீர் விற்ற தேவாலயம்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் 8 வருடமாக வேலை பார்க்கிறேன். போன மாதம் டெவன் பக்கம் தனியாகக் காரில் சுற்றியபோது ஒரு சின்னக் கிராமத்தில் 15ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்றைப் பார்த்தேன். உள்ளே யாரும் இல்லை, ஈர வாடை மட்டும். கூரையைப் பழுதுபார்க்க நன்கொடை கேட்டு ஒரு தாள் ஒட்டியிருந்தது. வாசலில் ஒரு பாட்டி கேக்கும் ஜாமும் விற்றுக்கொண்டிருந்தார். என் ஊர் எது, அப்பா அம்மா எங்கே என்றெல்லாம் விசாரித்தார். இந்த நாட்டில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஒரு காலத்தில் பக்தி நிறைந்திருந்த இடம் இப்போது கேக் விற்றுப் பிழைக்கிறதே என்று வருத்தமாக இருந்தது. ஆளே வராத இந்தக் கட்டடங்களைக் காப்பாற்றத்தான் வேண்டுமா? இவற்றின் கட்டடக்கலையை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

க.

அன்புள்ள க.,

வாசல், ஜன்னல் வளைவு அரைவட்டமாக இருந்தால் பெரும்பாலும் நார்மன் காலம் (11, 12ஆம் நூற்றாண்டு), கூர்மையாக இருந்தால் அதற்குப் பிந்தியது. கட்டடக்கலைக்கு இப்போதைக்கு இது போதும். காப்பாற்ற வேண்டுமா என்பதை அந்த ஊர்க்காரர்கள் முடிவு செய்யட்டும், நீங்களும் நானும் யார்?

உங்கள் கடிதத்தை நான் மூடி வைக்காததற்குக் காரணம் ‘கேக் விற்றுப் பிழைக்கிறதே’ என்ற வரி. வருத்தப்பட்டீர்கள், சரி. ஒரு துண்டு வாங்கினீர்களா? அதை எழுதவே இல்லையே! பக்தி நிறைந்த அந்தக் காலத்தில் தேவாலயத்துக்காக என்ன விற்றார்கள் என்று நினைக்கிறீர்கள்? பீர். ஊரே கூடிக் காய்ச்சி, ஊரே குடித்து, வந்த காசில் மெழுகுவத்தியும் மணிக்கயிறும் வாங்கினார்கள். அதற்குச் சர்ச் ஏல் என்று பெயர், ஏல் என்றால் ஒரு வகை பீர். பல ஊர்களில் அதற்கென்றே தேவாலயத்தை ஒட்டி ஒரு வீடும் இருந்தது.

நீங்கள் சுற்றிய அதே டெவனில், எக்ஸ்மூர் மேட்டுநிலத்தின் தெற்கு ஓரத்தில் மோர்பாத் என்று ஓர் ஊர். கொஞ்ச நாளாக அந்த ஊர்தான் என் மண்டைக்குள் ஓடுகிறது. 16ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்தவை 33 குடும்பங்கள். கிறிஸ்டோபர் ட்ரிக்கி என்பவர் 1520இல் பங்குத்தந்தையாக வந்து 1574இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். பங்கின், அதாவது அந்தத் தேவாலயத்தைச் சேர்ந்த ஊரின், வரவுசெலவைத் தன் கையாலேயே எழுதி வந்தார். அந்தக் கணக்குகள் இன்றும் இருக்கின்றன. எழுதி அலமாரியில் பூட்டுவதற்கான கணக்கு அல்ல அது, ஊரைக் கூட்டி உரக்க வாசிப்பதற்கானது.

அதில் பாதி ஆடுகள். மாதாவுக்குத் தனி நிதி, அந்தோணியாருக்குத் தனி நிதி. இளைஞர்களுக்கு ஒன்று, கன்னிப்பெண்களுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் வருடா வருடம் பொறுப்பாளர்கள் மாறுவார்கள். சில நிதிகளுக்கு ஆடுகள் உண்டு. ஆனால் தேவாலயத்துக்கென்று தனி மந்தை கிடையாது. மாதாவின் ஓர் ஆடு இவர் வீட்டு மந்தையில் மேயும், இன்னொன்று அவர் வீட்டில். கம்பளி விற்ற காசு மாதாவின் சுரூபத்தின், அதாவது சிலையின், முன்னால் விளக்காக எரியும். எந்த ஆடு யார் வீட்டில், எது குட்டி போட்டது, எது செத்தது என்று பாதிரியார் ஒன்றுவிடாமல் எழுதுகிறார். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு என்று படித்த நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் மோர்பாத்தில் கொடுத்தவர் ராணியோ தளபதியோ இல்லை. ஓர் ஆடு, ஒரு தேன்கூடு, சாகும்போது ஒரு மோதிரம், அவ்வளவுதான் அவர்களால் முடிந்தது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், ‘அந்தக் காலத்தில் எல்லாரும் ஒற்றுமையாக இருந்தார்கள்’ என்று யாராவது கண்ணைச் செருகிக்கொண்டு பேசும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. மோர்பாத்தில் தேவாலயப் பணியாளருக்கு யார் எவ்வளவு கூலி தருவது என்று 1530களில் வருடக்கணக்கில் சண்டை நடந்தது. ஒற்றுமையால் அந்த ஊர் சேர்ந்திருக்கவில்லை. மாதாவின் ஆடு உன் கொட்டிலில் நின்றால் நீ கணக்குச் சொல்ல வந்தே ஆகவேண்டும், பக்கத்து வீட்டுக்காரனோடு பேச்சு இல்லாவிட்டாலும் வந்தாக வேண்டும். விதவைகளும் முறை வந்தபோது பொறுப்பேற்றார்கள். ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் ஏதோ ஒரு வேலை இருந்தது. நீங்கள் சொல்லும் பக்தி இந்த வேலைகளுக்குள்தான் இருந்தது. கற்சுவரில் அதைத் தேடினால் ஈர வாடைதான் அடிக்கும்.

ட்ரிக்கிக்கு ஒரு ஆசை. இறந்தவர்களுக்கான திருப்பலிக்கு நல்ல கறுப்பு உடை ஒரு ஜோடி வேண்டும். தனக்கு வரவேண்டிய சில்லறை வரவுகளை விட்டுக்கொடுத்து, சின்னச் சின்னக் காணிக்கைகளைச் சேர்த்து, ஏறக்குறைய 20 வருடம் காத்திருந்து 1547இல் வாங்கினார். அந்த வருடமே அரசர் எட்டாம் ஹென்றி செத்தார். அவர் மகன் ஆறாம் எட்வர்டின் புராட்டஸ்டண்ட் அரசு விளக்குகளை அணைத்தது, சுரூபங்களை இறக்கச் சொன்னது. 1549இல் பழைய திருப்பலியே சட்டத்துக்குப் புறம்பானது. 20 வருடக் காசு!

ஆடுகளை விற்றார்கள். ஏல் விருந்து நின்றது. இளைஞர் நிதியும் கன்னியர் நிதியும் போயின, அவற்றின் பொறுப்பாளர்களும் போனார்கள். கோயிலைக் காலி செய்தது நாத்திகம் என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். இங்கே யாருடைய நம்பிக்கையும் குறைந்துவிடவில்லை, வீட்டுக்கு வீடு இருந்த வேலைதான் பறிபோனது. அதே 1549இல் இந்த மாற்றங்களை எதிர்த்து மேற்குப் பகுதி கலகத்தில் எழுந்து எக்ஸெட்டர் நகரை முற்றுகையிட்டபோது, மோர்பாத் பங்கின் செலவிலேயே 5 பேரை அந்த முகாமுக்கு அனுப்பியது. அதையும் பாதிரியார் கணக்கில் எழுதினார். அரசுக்கு எதிரான கலகத்துக்கு ரசீது எழுதி வைக்கும் துணிச்சலோ அப்பாவித்தனமோ, இரண்டில் எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கலகம் நசுக்கப்பட்டது, ஆயிரக்கணக்கில் செத்தார்கள்.

எட்வர்டுக்குப் பின் கத்தோலிக்கரான மேரி அரசியானதும் ஒளித்து வைத்த பொருள்களை ஊர்க்காரர்கள் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்புறம் புராட்டஸ்டண்டான எலிசபெத் காலத்தில் மறுபடி எல்லாம் இறங்கின. ட்ரிக்கி நான்கு ஆட்சிகளுக்கும் தலையாட்டிவிட்டு அங்கேயே இருந்தார். கோழை என்று சொல்லலாம். நான் சொல்லமாட்டேன். இவர் கோபித்துக்கொண்டு போயிருந்தால் அந்த 33 வீட்டுக்கும் யார் கணக்கு வாசித்திருப்பார்கள்?

தம்பி, 8 வருடம் என்று எழுதிய இடத்திலும் தனியாகச் சுற்றியதாக எழுதிய இடத்திலும் எனக்கு மனசு கொஞ்சம் கனத்தது. அதனால்தான் திட்டுகிறேன். டெவன் வரைக்கும் போகவேண்டாம், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே ஒரு பழைய தேவாலயம் இருக்கும். கோடை முடிந்ததும் கூரைக் கால்வாயில் இலை அடைத்துக்கொள்ளும், அதை அள்ளாவிட்டால் சுவரில் நீர் இறங்கும். அள்ள வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எழுபது தாண்டியிருக்கும். ஒரு சனிக்கிழமை போய் நில்லுங்கள். கிறிஸ்தவரா என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். சரி, ஏணியைப் பிடி என்பார்கள்.