இறங்கிட்டாளா?

அன்புள்ள ஐயா,

2011 ஜூலை 21, அமெரிக்காவின் அட்லாண்டிஸ் விண்வெளி ஓடம் (ஷட்டில்) கடைசியாகத் தரையிறங்கியபோது நான் எட்டாம் வகுப்பு. எல்லாம் முடிந்துவிட்டது என்று அன்று அழுதேன். ஆனால் ஷட்டில் ஓட்டை இயந்திரம், இரண்டு விபத்துகளுக்குப் பிறகு ஒழிந்தது நல்லதுதான் என்று இப்போது தோன்றுகிறது. என் ஆயுளுக்குள் மனிதன் செவ்வாயில் கால்வைப்பானா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

செவ்வாய்க்கு என்னால் நாள் குறித்துத் தர முடியாது. எல்லாம் முடிந்துவிடவும் இல்லை. 2022 நவம்பரில் ஆர்ட்டெமிஸ் விண்கலத்தை நிலவுக்கு ஏவிய ராக்கெட்டின் நான்கு முதன்மை எஞ்சின்களும் ஷட்டிலில் பறந்தவைதான். அந்த ‘ஓட்டை இயந்திரம்’ என்ற பேச்சைத்தான் என்னால் விட முடியவில்லை. சில நாட்களாகவே கொலம்பியா ஷட்டிலை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

2003 பிப்ரவரி 1, சனிக்கிழமை இரவு. அம்மா தோசை வார்த்துக்கொண்டே, “கல்பனா இறங்கிட்டாளா?” என்று அடுப்படியிலிருந்து கேட்டாள். கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா அவளுக்குப் பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி. டிவியில் நீல வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு இரண்டாகி, மூன்றாகிப் பிரிந்துகொண்டிருந்தது. கரண்டியோடு வந்து பார்த்தவள், “எத்தனை விமானம் போகுது?” என்றாள். தோசை கருகும் வாசனை வந்த பிறகும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

கல்பனாவோடு திரும்பிக்கொண்டிருந்த கொலம்பியாதான் அப்படி உடைந்து சிதறியது. அதை ஏவிய 82ஆவது விநாடியில் எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த ஒரு நுரைத் துண்டு இடது இறக்கையில் மோதியது. ஒரு கிலோகூட இருக்காது. மறுநாளே வீடியோவில் பார்த்துவிட்டார்கள். சேதம் எவ்வளவு என்று தெரிய, சுற்றுப்பாதையிலேயே இறக்கையைப் படமெடுக்கப் பொறியாளர்கள் தரப்பிலிருந்து மூன்று முறை கேட்டார்கள். மேலதிகாரிகள் தேவையில்லை என்றார்கள். ஏழு பேர் 16 நாட்கள் மேலே இருந்தார்கள், தம்பி. ஒரு படம்! 1986இல் வெடித்த சேலஞ்சர் ஷட்டிலிலும் இதே கதைதான். இந்தக் குளிரில் ராக்கெட் மூட்டை அடைக்கும் ரப்பர் வளையம் தாங்காது, ஏவாதீர்கள் என்று முந்தைய இரவே பொறியாளர்கள் மன்றாடினார்கள். இரண்டு தடவையும் இயந்திரத்தின் குறை தெரிந்தவர்கள் வாயைத் திறந்து சொன்னார்கள். அதைக் கேட்காதவர்களை விட்டுவிட்டு ஷட்டிலைப் போய்த் திட்டுகிறீர்களே!

புது ராக்கெட்டுகள் வரட்டும், எனக்கும் ஆசைதான். ஆனால் கவுன்ட்டவுன் ஓடும்போது கடைசி வரிசையில் இருக்கும் இளம் பொறியாளர் “வேண்டாம்” என்றால் அங்கே நிறுத்துவார்களா? எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

கொலம்பியா விசாரணைக் குழுவின் அறிக்கை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. படங்கள் கேட்கப்பட்ட பகுதியை நிதானமாகப் படித்துவிட்டு எழுதுங்கள். செவ்வாயைப் பற்றி அப்புறம் பேசலாம்.