மூன்று மூன்றாகத் தின்ற திராட்சை

அன்புள்ள ஐயா,

எட்டு மாதமாக ஸ்பானிஷ் படிக்கிறேன். போன வாரம் நான் முடித்துத் தர வேண்டிய வேலை தாமதமாகிவிட்டது. மாட்ரிட்டில் இருக்கும் சக ஊழியர் 'கே தெதெப்தியோன்' என்று ஒற்றை வரி அனுப்பினார். ஆங்கில 'டிசெப்ஷன்'தானே, என்னை மோசடிக்காரி என்கிறாரே என்று இரவெல்லாம் தூக்கமில்லை. பொய், ஏமாற்று பற்றிய சொற்களை எப்படிப் பிரித்து அறிவது?

வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

அவர் உங்களை மோசடிக்காரி என்று சொல்லவே இல்லை. 'இப்படி ஏமாற்றமாகிவிட்டதே' என்கிறார், அவ்வளவுதான். ஆங்கிலத்தை நடுவில் வைத்ததால் வந்த வினை இது. லத்தீனில் வஞ்சனையைக் குறித்த சொல், ஸ்பானிஷில் எதிர்பார்த்தது நடக்காத வருத்தமாகிவிட்டது. நாமும் 'ஏமாறு' என்ற சொல்லிலிருந்துதானே அந்த வருத்தத்துக்குப் பெயர் வைத்திருக்கிறோம்! தமிழிலிருந்து நேராகப் போயிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள்.

பழி சொல்லும் சொற்கள் வேறு. 'மென்தீர்' என்றால் பொய் சொல்வது. 'எங்கஞார்' என்றால் ஏமாற்றுவது. வாய் திறந்து பேசாமலேயே அதைச் செய்யலாம். (அதில் வரும் தலைக்கோடு போட்ட எழுத்து, ñ, நம்முடைய ஞ-தான்.)

1554-இல் ஆசிரியர் பெயரில்லாமல் அச்சான 'லாசரில்யோ தெ தோர்மெஸ்' கதையில் ஒரு காட்சி. பார்வையற்ற கிழவரும் அவரை வழிநடத்தும் பையனும் ஒரு திராட்சைக் குலையைப் பகிர்கிறார்கள். முறைவைத்து ஆளுக்கு ஒவ்வொன்று என்று பேச்சு. கிழவர் இரண்டிரண்டாக எடுக்க ஆரம்பிக்கிறார். பையன் மூன்று மூன்றாகத் தின்கிறான். குலை தீர்ந்ததும் கிழவர், 'என்னை ஏமாற்றிவிட்டாய்' என்கிறார். அங்கே வருவது 'எங்கஞார்'. அதுவரை பையன் ஒரு பொய்யும் சொல்லவில்லை. 'இல்லையே' என்று அவன் மறுக்கும்போதுதான் 'மென்தீர்' ஆகிறது. எப்படிக் கண்டுபிடித்தாராம்? 'நான் இரண்டிரண்டாகத் தின்றேன், நீ வாயைத் திறக்கவில்லையே!' இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டால் இரண்டு சொல்லும் இனிக் குழம்பாது.

ஒருவர் 'பரேதே மென்தீரா' என்றாலும் பதறாதீர்கள். 'பொய் மாதிரி இருக்கிறது' என்பது நேர்ப்பொருள். 'நம்பவே முடியவில்லை' என்ற வியப்புக்கும் அதையே சொல்வார்கள். 'மென்திரோசா' என்று முகத்துக்கு நேரே சொன்னால்தான் பொய்க்காரி என்கிறார்கள்.

அந்த ஊழியருக்கு இன்றே பதில் போடுங்கள்: 'சியென்தோ எல் ரெத்ராசோ', தாமதத்துக்கு வருந்துகிறேன். 'சியென்தோ'வின் மூலவினை 'சென்தீர்', அதாவது வருந்துவது. 'சென்தீர்', 'மென்தீர்' இரண்டும் ஒரே மாதிரி உருமாறும் வினைகள். 'மியென்தோ' என்றால் 'பொய் சொல்கிறேன்' என்றாகிவிடும். முதல் எழுத்தை ஒருமுறை சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள்.